சுவரோர ஸ்டூலில் ஊராட்சித் தலைவர்

பேச்சித்தாய் ஊராட்சித் தலைவராகி இரண்டு வருடம் கழித்துத்தான் தன் பதவிக்காக வந்த ஒரு போனைத் தன் கையால் எடுத்தாள். தை மாதம், மத்தியான நேரம். களத்தில் உளுந்தஞ்செடியைக் காயப்போட்டுவிட்டு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் செல்லச்சாமி போனை சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். போன் விடாமல் அடிக்கவே எடுத்தாள். யூனியன் ஆபீசிலிருந்து பேசுவதாக ஒரு குரல், ஆவாரங்கரிசல் பிரசிடெண்டா என்று கேட்டது. ஆமாம், பிரசிடெண்ட்தான் பேசுகிறேன் என்றாள்.

"போனைப் பிரசிடெண்ட்கிட்ட குடுங்கம்மா, அவசரம்" என்றது அந்தக் குரல்.

செல்லச்சாமி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து போனை வாங்கிப் பேசினான். பேசி முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பேச்சித்தாய் சோறு போட்டாள். போனில் பேசியவர் மரியாதைக்குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. அம்மா என்றுதான் சொன்னார். அதுதான் அவளைக் குத்தியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

அவள் இளையரசனேந்தல் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். கிடை ஊர் ஊராக நகரும். அவளை மட்டும் அப்பா ஒரே ஊரில் விட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். மேலே படிக்கவைப்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்சே எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பதினெட்டு முடிந்ததும் குருவிகுளம் பக்கத்து ஆவாரங்கரிசலில், எட்டு ஏக்கர் மானாவாரி நிலமுள்ள செல்லச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இருபத்து நாலு வருடம் மக்காச்சோளம், உளுந்து, பருத்தி என்று போயிற்று. ஒரே மகள் காவியா மதுரையில் நர்சிங் படிக்கிறாள். செல்லச்சாமி குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான். ஊரில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். பேச்சித்தாயும் அப்படித்தான் சொல்லுவாள்.

அவனுக்கு ரொம்ப நாளாக ஊராட்சித் தலைவர் ஆசை. அந்தத் தேர்தலில் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கீடு ஆனதும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் மனைவி பெயரில் மனுப்போட்டான். போஸ்டரில் கைகூப்பி நின்றவன் செல்லச்சாமி; ஓரத்தில் பாஸ்போர்ட் சைஸில் இருந்தவள் வேட்பாளர். வீடு வீடாகப் போனபோது அவன் பேசினான், அவள் கும்பிட்டாள். நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். பதவி ஏற்ற அன்றைக்கு உறுதிமொழியை அவளே வாசித்தாள். அதற்குப் பிறகு ஊராட்சி ஆபீசில் அவள் குரல் கேட்டதில்லை. கிளார்க் இசக்கிராஜா நோட்டை வீட்டுக்கே கொண்டுவருவான், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

அந்த வருடம் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகிற இலவச பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எந்த வயதிலும் பட்டம் படிக்கலாம், சனிக்கிழமை மட்டும் வகுப்பு. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வந்ததால் அதையே இருபது தடவை வாசிக்கவேண்டியதாயிற்று. கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே விலாசம் விசாரித்துப் போனாள். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம் இருந்தது. மேஜையில் இருந்தவர் பாடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அரசியல் அறிவியல் என்றதும் அவரை நிறுத்தினாள்.

"அதுல பிரசிடெண்ட்னா யாருன்னு சொல்லித் தருவாங்களா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார்.

செல்லச்சாமியிடம் மறைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். அவனும் சிரித்தான். "படி, படி. உனக்கும் பொழுது போகணும்லா" என்றான். மறுநாள் டீக்கடையில், எங்க வீட்டுப் பிரசிடெண்ட் அம்மா காலேஜ் போறா என்று சொல்லி ஊரையும் சிரிக்கவைத்தான்.

முதல் வகுப்புக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். விசைத்தறிக் கூடத்தில் வேலைபார்க்கும் ஷிரின் பானு, பதவி உயர்வுக்குப் படிக்கும் போலீஸ்காரர் ஒருவர், செருப்புக்கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர்கள் இரண்டு பேர் என்று பலதரப்பட்ட கூட்டம். எல்லாரிலும் இளையவர் பாடம் நடத்த வந்த செல்வக்குமார்தான். வாசுதேவநல்லூர்க்காரர், இருபத்தேழு வயது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பலகையில் 'சமூகம், பண்பாடு, அரசியல்: ஓர் அறிமுகம்' என்று எழுதினார்.

அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. நான் வருவதற்கு முன்னால் உங்களை இந்த இடத்தில் உட்காருங்கள் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் எல்லாரும் இடப்பக்கம் இருந்தார்கள், ஆண்கள் வலப்பக்கம். போலீஸ்காரர் முதல் பெஞ்சில் தனியாக இருந்தார். முன்னால் இடம் காலியாகக் கிடந்தும் இரண்டு பேர் கடைசிப் பெஞ்சில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செல்வக்குமார் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை.

"யாரும் சொல்லாமலே எல்லாரும் ஒரு காரியத்தச் செய்யுதோம் பாருங்க, அது எப்படி நடக்குதுன்னு கேக்கிறதுதான் இந்தப் பாடம்" என்றார். "அதனால யாருக்கு நிழலு, யாருக்கு வெயிலுன்னும் சேத்துக் கேட்டா அது அரசியல். கேக்காம விட்டா பழக்கம்னு பேரு."

பேச்சித்தாய் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துப் பார்த்தாள்.

அவர் கொடுத்த வீட்டுவேலை எளிதாகத்தான் இருந்தது. பத்துப் பேர் கூடுகிற ஏதாவது ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யார் பேச்சு எடுபடுகிறது என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதவேண்டும். நல்லது கெட்டது சொல்லக்கூடாது. ஷிரின் பானு தன் தறிக்கூடத்தை எடுத்துக்கொண்டாள். போலீஸ்காரர் டீக்கடையை எடுத்தார். பேச்சித்தாய் ஊராட்சி ஆபீஸ் என்று எழுதிக்கொடுத்தாள். தான் அங்கே யார் என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றதும் செல்லச்சாமி, வீட்டுச் சாவி வேண்டுமா என்று கேட்டான். காலேஜில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். இசக்கிராஜா பதறிப்போய் எழுந்தான். அவளை எங்கே உட்காரவைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தலைவர் நாற்காலியில் பூத்துவாலை விரித்து செல்லச்சாமி இருந்தான். கடைசியில் இசக்கிராஜா சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். வடக்குத் தெருவிலிருந்தும் மேலத் தெருவிலிருந்தும் வந்த ஆண்கள் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு டீ வந்தது. நாலு பெண்கள் வந்தார்கள். நாலு பேரும் நிலைப்படியைத் தாண்டவில்லை. தெற்குத் தெருவிலிருந்து வந்தவர்கள் ஆபீசுக்குள்ளேயே வரவில்லை. தெற்குத் தெரு என்றால் யார் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். எல்லாரும் செல்லச்சாமியைத் தலைவரே என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சித்தாய் எல்லாவற்றையும் எழுதினாள்.

மூன்றாவது திங்கட்கிழமை ஜன்னலில் மாரித்தாய் நின்றாள். நூறுநாள் வேலைக்கு வருகிறவள், பேச்சித்தாய் வயதுதான் இருக்கும். தெருவுக்குத் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது என்றாள். மோட்டார் ரிப்பேர், சொல்லியிருக்கிறது, வரும் என்றான் செல்லச்சாமி. பேச்சித்தாயின் பேனா நின்றது. அன்றைக்கு விடியக்காலையில்தான் அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்து, இரண்டு டிரம் நிரம்பியிருந்தது.

மாரித்தாய் கிளம்பாமல் நின்றாள். அவள் கண் உள்ளே சுற்றி, சுவரோரத்து ஸ்டூலில் வந்து நின்றது.

"என்னம்மா, நீங்களும் காத்துக்கிட்டா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

கிண்டல் இல்லை, அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பேச்சித்தாய் நோட்டில், ஒன்பது நாள் என்று எழுதினாள். அதற்குக் கீழே, எங்கள் வீட்டில் இன்று காலை என்று எழுதினாள்.

அடுத்த மாதம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். ஷிரின் பானு, பதினாறு தறி உள்ள கூடத்தில் மின்விசிறிக்கு நேரே எந்தத் தறி இருக்கிறது, அதில் யார் நிற்கிறார்கள் என்று வாசித்தாள். பேச்சித்தாய் முறை வந்தது. அவள் மெதுவாக, எழுத்துக்கூட்டுவதுபோல வாசித்தாள். உட்கார்ந்தவர்கள், நின்றவர்கள், ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள். கடைசி வரிக்கு வந்தாள்: "ஊராட்சித் தலைவர், சுவரோரம், ஸ்டூல். நாலு நாளும் பேசவில்லை."

செல்வக்குமாருக்குக் குழப்பமாக இருந்தது. நாற்காலியில் இருந்தவரைத்தானே எல்லாரும் தலைவரே என்று கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், பிறகு ஸ்டூலில் இருந்தது யார் என்று கேட்டார்.

"அது நான்தான் சார். நாற்காலியில இருந்தது எங்க வீட்டுக்காரங்க."

செல்வக்குமார் புத்தகத்தைப் புரட்டினார், மூடினார். இதற்கு என்னிடம் பாடம் இல்லை அம்மா என்று அவர் சொன்னபோது அவர் காது சிவந்திருந்தது. ஷிரின் பானுதான் பின்னால் இருந்து கேட்டாள், "அக்கா, அடுத்த தடவை எங்க உக்காருவீங்க?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. ஆனால் பேச்சித்தாய் நேரே நாற்காலிக்குப் போகவில்லை. முதலில் இசக்கிராஜாவிடம் தீர்மான நோட்டைக் கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டே முக்கால் வருடத்துத் தீர்மானங்களை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். போன கோடையில் போட்ட ஒரு தீர்மானத்தில் விரல் நின்றது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை வடக்குத் தெருவுக்கும் மேலத் தெருவுக்கும் இரண்டு நாளைக்கு ஒருமுறையும், தெற்குத் தெருவுக்கு வாரம் ஒருமுறையும் விடுவதென்று முடிவாகியிருந்தது. அடியில் அவள் கையெழுத்து. அழகான, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. அந்த நாள் நினைவுக்கு வந்தது. மாவாட்டிக்கொண்டிருந்தவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கிரைண்டர் மேலேயே நோட்டை வைத்து இதைப் போட்டிருந்தாள்.

செல்லச்சாமி மேல் வந்த கோபம் அப்போது பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதி அவள் பக்கம் திரும்பிக்கொண்டது. ஒன்பது நாள் தண்ணீரில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவளுக்கு அந்தத் தண்ணீரை நிறுத்தியது இந்தக் கை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போனாள். பூத்துவாலையை மடித்து மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தீர்மான நோட்டை எடுத்து முன்னால் விரித்துவைத்தாள்.

செல்லச்சாமி பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். முதலில் அவனும் சிரிக்கத்தான் பார்த்தான்.

"ஏட்டி, எந்திரி. ஆளு வாராங்க."

"வரட்டும். வாரவங்களப் பாக்கத்தான வந்திருக்கேன்."

"வீட்டுல போயிப் பேசுவோம்."

"வீட்டு விஷயம்னா வீட்டுல பேசலாம். இது ஆபீசு."

அறையில் இன்னும் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவன் ஒன்றிலும் உட்காரவில்லை. இசக்கிராஜா கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்லச்சாமி வெளியே போய் பைக்கை உதைத்தான். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

சாயங்காலம் செல்லச்சாமியின் அண்ணன் பிச்சையா நாலு ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் உட்கார்ந்து தம்பியிடம்தான் பேசினார், அவள் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. டீக்கடையில் சிரிக்கிறார்கள், குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது, படிப்புதான் கெடுத்தது என்றார். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டால் மரியாதையோடு முடியும் என்றார். பேச்சித்தாய் கதவுப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"ராஜினாமான்னாலும் நான்தான் எழுதணும் அத்தான். எனக்கு எழுத வரும். எழுத மாட்டேன்."

பிச்சையா எழுந்துவிட்டார். அவர்கள் போன பிறகு செல்லச்சாமி, அப்படியானால் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிற வேலை வேண்டாம் என்றான். ஏழரை பஸ்ஸுக்கு எப்போதும்போல சோறு வடித்துவைத்துவிட்டுப் போவேன் என்றாள் அவள். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவன் அண்ணன் வீட்டில் சாப்பிட ஆரம்பித்தான். வீட்டுக்குத் தூங்க மட்டும் வந்தான்.

மதுரையிலிருந்து காவியா போன் போட்டு அழுதாள். அப்பா பாவம் அம்மா, இத்தனை நாள் ஊருக்காக ஓடினவர், அவரை இப்படி அவமானப்படுத்தலாமா என்றாள். பேச்சித்தாய்க்கும் அழுகை வந்தது. அவன் ராத்திரி பகல் பார்க்காமல் அலைந்ததை அவள் பார்த்தவள்தானே. ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துச் சுவருக்கும் அவன்தான் குருவிகுளம் யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தான்.

"பாவம்தான் மக்களே. இல்லைன்னு நான் சொல்லல" என்றாள். "ஆனா ஊரு ஓட்டுப் போட்டது என் பேருக்கு. அத அவருகிட்ட திருப்பிக் குடுக்க எனக்கு உரிமை இல்ல."

காவியா போனை வைத்துவிட்டாள். ஒரு வாரம் பேசவில்லை.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபைக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டார்கள். வழக்கமாக வடக்குத் தெருவும் மேலத் தெருவும் பந்தலுக்குள் இருக்கும், பெண்கள் பின்னால் தார்ப்பாயில் இருப்பார்கள். தெற்குத் தெருக்காரர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நிற்பார்கள். கையெழுத்து வாங்குகிற நோட்டு அங்கே போகும், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவார்கள். அன்றைக்கும் அப்படியே நின்றார்கள். முன்னால் மேஜைக்குப் பக்கத்தில் இரண்டே நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றில் யூனியன் ஆபீசிலிருந்து வந்த அலுவலர் இருந்தார், இன்னொன்றில் செல்லச்சாமியைப் பிச்சையா தோளைப் பிடித்து உட்காரவைத்திருந்தார்.

பேச்சித்தாய் வந்து பார்த்தாள். நாற்காலிக்குச் சண்டைபோடத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. அவள் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டம் இன்னும் ஆரம்பிக்கல. ரோட்டுக்கு அங்கிட்டு நிக்கிறவங்க பந்தலுக்குள்ள வந்து உக்காந்தாத்தான் ஆரம்பிக்கும்."

யாரும் நகரவில்லை. புளியமரத்தடியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்து உட்கார்ந்துவிட்டால் நாளைக்குப் பதில் சொல்லவேண்டியது அவர்கள்தான், அவள் இல்லை. அது அவளுக்கும் தெரியும். வராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்பதும் தெரியும். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் போயிருக்கும்.

மாரித்தாய் ரோட்டைக் கடந்தாள். ஒற்றை ஆளாக வந்து பந்தல் ஓரத்தில் நின்றாள்.

"எங்க உக்கார?" என்று கேட்டாள்.

"எங்க இடம் இருக்கோ அங்க."

மாரித்தாய் இரண்டு பக்கமும் பார்த்தாள். நேரே முன்வரிசைக்கு வந்து, மேஜைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்புறம் ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். வடக்குத் தெருவிலிருந்து முப்பது பேர்போல எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனார்கள். போகிறவர்களை அவள் கூப்பிடவில்லை. இருந்தவர்களை இசக்கிராஜா எண்ணினான். கூட்டம் நடத்தப் போதுமான தலை இருந்தது.

பழைய தண்ணீர்த் தீர்மானத்தை அவளே வாசித்தாள். அடியில் இருப்பது தன் கையெழுத்து என்றும், வாசிக்காமல் போட்டது தன் தப்பு என்றும் மைக்கில் சொன்னாள். இனி எல்லாத் தெருவுக்கும் மூன்று நாளைக்கு ஒருமுறை என்று புதுத் தீர்மானத்தை வைத்தாள். பிச்சையா எழுந்து, பொம்பளை பேச்சை நாங்கள் எதற்குக் கேட்கவேண்டும், செல்லச்சாமி பேசட்டும் என்றார்.

"பேசலாம். ஊர்க்காரங்க யாரும் பேசலாம்" என்றாள் பேச்சித்தாய். "அவங்க கை தூக்கட்டும். முறை வரும்போது கூப்பிடுதேன்."

பந்தலில் எங்கேயோ ஒரு பெண் சிரித்தாள். செல்லச்சாமியின் முகம் கறுத்தது. எழுந்து போய்விடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் கையைத் தூக்கினான். முழங்கை அளவுக்குத்தான் தூக்கினான்.

வடக்குத் தெருவில் மாடும் ஆடும் அதிகம், மூன்று நாளைக்கு ஒருமுறை என்றால் அதுகளுக்கு என்ன செய்வது என்று கேட்டான். சரியான கேள்வி. ஊரை அறிந்தவன் கேட்கிற கேள்வி. பேச்சித்தாய் அதை எழுதிக்கொள்ளச் சொன்னாள். ஆடுமாடு தண்ணீர் குடிக்கிற மந்தைத் தொட்டிக்குப் பள்ளிக்கூடத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தனியாகத் தண்ணீர் விடலாம் என்று மேலத் தெருக்காரர் ஒருவர் சொன்னார். அதையும் தீர்மானத்தில் சேர்த்தார்கள். கை தூக்கி எண்ணியபோது தொண்ணூற்று நாலு பேர் வேண்டும் என்றும் அறுபத்தொரு பேர் வேண்டாம் என்றும் சொன்னார்கள். செல்லச்சாமி எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

மறுநாள் தொட்டி ஆபரேட்டராக இருந்த பிச்சையாவின் மகன் சாவியைக் கொண்டுவந்து ஆபீஸ் மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். இனி எப்படித் தண்ணீர் போகிறது என்று பார்க்கலாம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். பேச்சித்தாய் இசக்கிராஜாவிடம் எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று கேட்டு, நோட்டில் படம் போட்டுக்கொண்டாள். பதினோரு நாள், விடிந்ததும் பெரிய ஸ்பானரோடு போய் அவளே வால்வைத் திறந்தாள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. தெற்குத் தெருவுக்குத் திறந்துவிட்ட முதல் நாள், வால்வுப் பள்ளத்துக்குள் குனிந்திருந்தவளுக்குக் குழாயடியில் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் வந்து நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டிய காரியமும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வேலைக்குப் புது ஆள் போட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வடக்குத் தெருப் பெண்கள் பாதிப் பேர், தண்ணீர் குறைந்தது இவளால்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவள் வீட்டு டிரம்மும் குறைந்ததைக் காட்டினாள். யாரும் பார்க்க வரவில்லை. பிச்சையா வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. மாரித்தாய்க்கு வடக்குத் தெருப் புஞ்சைகளில் அந்த வருடம் களைவேலை கொடுக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டதும் பேச்சித்தாய் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். எனக்காக வருத்தப்படுவதை விட்டுவிட்டு எங்கள் தெரு லைட்டைப் பாருங்கள் என்றாள் மாரித்தாய். தெரு லைட் அந்த மாதமே எரிந்தது. களைவேலையும் பேச்சித்தாயின் எட்டு ஏக்கரில் கிடைத்தது. ஆனால் மற்ற வீடுகள் மனம் இறங்க மறு வருடம் ஆயிற்று.

அண்ணன் வீட்டில் சாப்பிட ஆரம்பித்து நாற்பது நாள் கழித்து ஒரு ராத்திரி செல்லச்சாமி வந்து தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். ரசத்தில் உப்பு இல்லை என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஆபீசுக்கு அவன் அதற்குப் பிறகு போகவில்லை. யூனியன் ஆபீஸ் காரியம் ஏதாவது சிக்கலாக இருந்தால் யாரைப் பார்க்கவேண்டும் என்று அவள்தான் கேட்பாள். தெரிந்தால் சொல்லுவான். சில நாள் தெரிந்தும் சொல்லமாட்டான்.

முதல் வருடப் பரீட்சையில் அதிகாரம் என்றால் என்ன, எடுத்துக்காட்டுடன் விளக்குக என்று ஒரு கேள்வி வந்தது. பேச்சித்தாய் அதற்கு மட்டும் ஆறு பக்கம் எழுதினாள். மணி அடித்தபோது இரண்டு கேள்வி பாக்கி இருந்தது. ஐம்பத்தெட்டு மார்க். ஷிரின் பானு எழுபத்தொன்று வாங்கி, தறிக்கூடத்தில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். செல்வக்குமார் மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு, நேரத்தைப் பிரித்து எழுதப் பழகுங்கள் அம்மா என்றார். அடுத்த தாளுக்குப் பழகிக்கொள்கிறேன், இந்தத் தாளுக்கு இவ்வளவும் எழுதவேண்டியிருந்தது என்றாள்.

இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். பதவிக்காலம் முடியப் போகிறது. அடுத்த தடவை இந்தப் பதவி பொதுவாகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு வந்த வாரமே செல்லச்சாமி வெள்ளைச் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்தான். அவன் சொல்லட்டும் என்று பேச்சித்தாய் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் பருத்திக் காட்டில் அவனே சொன்னான், இந்தத் தடவை நான் நிற்கிறேன் என்று.

"நில்லுங்க. நானும் நிப்பேன்" என்றாள்.

அவன் களைக்கொத்தியைக் கீழே வைத்தான். "ஒரு வீட்டுல ரெண்டு பேரு நின்னா ஊரு சிரிக்கும்ட்டி."

"சிரிக்கட்டும். சிரிச்சிக்கிட்டே ஓட்டும் போடட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.